அருள் பெற்றபின் நிகழும் பிழை: கிறித்தவ நெறியும் திருவரங்க மரபும்

காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளி அமைந்துள்ளது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கம் விளங்குகிறது. தென்கரையில் 1766-ஆம் ஆண்டில் சுவார்ட்சு ஐயர் எழுப்பிய கிறித்து ஆலயம் உண்டு. மலைக்கோட்டையின் அடியில், தெப்பக்குளத்தை அடுத்து, கத்தோலிக்கரின் லூர்து அன்னை ஆலயம் உண்டு. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமும் இந்நகரமே. வடபால் தீவிலோ இராமாநுசரும் பிள்ளை உலகாசிரியரும் மணவாள மாமுனிகளும் வாழ்ந்து இறைவனருளைப் பற்றி நுணுகி ஆராய்ந்த வீதிகள் உள்ளன. ஓர் ஆற்றின் இருமருங்கிலும் அருளைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனை இவ்வளவு நெருங்கி நிற்கும் இடம் தமிழகத்தில் வேறு காண்டல் அரிது.

பாவம், அருள், மன்னிப்பு என்னும் மூன்றும் கிறித்தவ நெறியின் அடிப்படைக் கருத்துகள். இறைவன் அருள் விலைகொடுத்துப் பெறுவது அன்று என்பதைக் கிறித்தவர் யாவரும் ஒப்புவர். எனினும் அருளைப் பெற்றுவிட்ட அடியான் மீண்டும் பிழை செய்தால் அவன் நிலை யாது? முன் பெற்ற அருள் நீங்குமா, நிற்குமா? நிற்கும் எனின், ஒழுக்கத்திற்கு இடம் எங்கே? நீங்கும் எனின், அச்சம் நீங்கிய வாழ்வு எங்கே? நம்பிக்கை கொண்டான் ஒருவனின் அன்றாட வாழ்வைத் தொடுவது இவ்வினாவே. திருவரங்கத்துப் பெரியோரும் இதே வினாவை எழுப்பி விடை கண்டனர். ஆதலின் இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் இதன் கருத்து அன்று.

1. பாவம் என்னும் சொல்

தமிழில் தீச்செயலைக் குறிக்கப் பல சொற்கள் உள. வினை, தீவினை, பழி, பிழை, குற்றம், பாவம் என்பன அவற்றுட் சில. இவை தம்முள் ஒருபொருட் கிளவிகள் அல்ல. பழி என்பது உலகம் தூற்றும் தூற்றலை நோக்கியது. பிழை என்பது நெறியினின்று தவறுதலை நோக்கியது. வினை என்பது செயலையும் அதன் பயனையும் ஒருங்கே சுட்டும். விதைத்தவனை விளைவு தேடி வருதல் போல, வினை தானே பயன் தரும் என்பது சமண பௌத்தக் கொள்கை. அங்கே மன்னிப்பார் ஒருவர் வேண்டுவதில்லை. மன்னிக்க இடமும் இல்லை.

கிறித்தவ நெறி கூறும் பாவம் இதனின் வேறானது. எபிரேய மொழியிலும் கிரேக்க மொழியிலும் பாவத்தைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் சொற்கள் இலக்குத் தவறுதல் என்னும் பொருளை அடியாகக் கொண்டவை. இயேசுபெருமான் பேசிய அரமேயத்தில் கடனைக் குறிக்கும் சொல்லே பாவத்தையும் குறித்தது. கடன் என்று சொன்ன அளவிலேயே கடன்கொடுத்தான் ஒருவன் உளன் என்பது பெறப்படும். எனவே கிறித்தவ நெறியில் பாவமாவது செயலொன்றின் மாசு மட்டும் அன்று. ஒருவரோடு கொண்ட உறவின் முறிவு. முறிந்த உறவைத் தீங்கிழைத்தவன் தானே இணைத்துவிட இயலாது. தீங்குற்றவர் மனம் இரங்கல் வேண்டும். மன்னிப்பு என்னும் கருத்துக்கு இங்கேதான் வாயில் திறக்கிறது.

இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் டி நொபிலி. 1606-இல் மதுரை வந்து, திருச்சிராப்பள்ளியிலும் சமயப்பணி புரிந்த இவர், ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்னும் நூலை மறுபிறப்பை மறுத்து எழுதினார். அது வெறும் வாதநூல் அன்று. பல பிறவிகளில் வினையைத் துய்த்துக் கழிக்கலாம் என்னும் நம்பிக்கை நிலைத்திருக்கும் உள்ளத்தில், இப்பிறவியிலேயே மன்னிப்புப் பெறல் வேண்டும் என்னும் விரைவு தோன்றாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

எனினும் வைணவத்தில் வினை தன்னுரிமை பெற்று நிற்பதில்லை என்பதை ஈண்டு மறத்தலாகாது. இராமாநுசர் கருத்துப்படி, நல்வினையாவது இறைவன் திருவுள்ளத்தின் உவப்பு. தீவினையாவது அவன் திருவுள்ளத்தின் சீற்றம். வினைக்குப் பயன் தருவது அவ்வுள்ளமே. ஆகவே வைணவரும் பாவத்தை அபராதம் எனவே வழங்குவர். திருவரங்கத்திலேயே நந்தவனம் அமைத்துத் திருமாலைத் தொண்டு புரிந்த தொண்டரடிப்பொடியாழ்வார், தம் சிறுமையை எண்ணி இரங்கிப் பாடியதும் இவ்வுணர்வினாலே ஆகும். வினை அபராதமாக மாறிய அந்நிலையிலேயே பொறுத்தருளுக என்னும் வேண்டுகோளுக்கும் இடம் பிறந்துவிடுகிறது. காவிரியின் இருகரைகளும் முதன்முதல் நெருங்கும் இடம் இதுவே.

2. அருளுக்குத் தேடிய பெயர்கள்

கிரேக்கத்தில் காரிசு எனவும், இலத்தீனில் கிராத்சியா எனவும் வழங்கிய கருத்துக்குத் தமிழ்ப்பெயர் காண்பதில் கிறித்தவச் சான்றோர் நான்கு நூற்றாண்டுகளாக முயன்று வந்துள்ளனர். பழைய கத்தோலிக்க வழக்கில் பிரியதத்தம் என்ற சொல் இருந்தது. தத்தம் என்பது கொடுக்கப்பட்டது. எனவே பிரியத்தால் கொடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். இட்டப்பிரசாதம் என்பது மற்றொரு வழக்கு. பிரசாதம் என்பது கோயிலிற் பெறும் பொருளைக் குறிப்பதாக மக்கள் அறிந்த சொல். வடமொழியில் உள்ளத் தெளிவையும் அருள்முகத்தையும் குறிப்பது. சீர்திருத்தச் சபையார் மறைநூலைப் பெயர்த்தபோது கிருபை என்ற சொல்லை மேற்கொண்டனர். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு அருள் என்னும் தமிழ்ச்சொல்லை ஏற்றது.

இவற்றுள் கிருபை என்பது சிந்தித்தற்கு உரியது. திருவரங்கத்து மணிப்பிரவாள நூல்களில் அது நெடுங்காலம் பயின்ற கலைச்சொல். காரணம் பற்றாது வரும் அருளை நிர்ஹேதுக கிருபை எனவும், ஒரு காரணம் பற்றி வருவதைச் சஹேதுக கிருபை எனவும் வகுத்து அவர்கள் வழக்காடினர். ஆகவே கிறித்தவர் கிருபை என்னும் சொல்லை எடுத்தாண்டபோது, ஒரு வெற்றுச் சொல்லை எடுக்கவில்லை; ஒரு பெரிய வழக்கையே உடன் எடுத்துக்கொண்டனர் எனலாம்.

அருள் என்னும் சொல்லுக்கும் தனிச் சிறப்பு உண்டு. திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரையாசிரியர் வேறுபாடு காட்டுவர். தகுதியும் தொடர்பும் நோக்காது வருவதே கிறித்தவர் கூறும் அருளும் ஆதலின், இச்சொல் நன்கு பொருந்திற்று.

3. முயற்சியும் அருளும்

மனிதன் தன் முயற்சியால் நல்லவனாதல் கூடும் என்றார் பெலாசியுசு. அம்முயற்சிக்கு வேண்டும் விருப்பமும் அருளின் கொடையே என்றார் அகுத்தீனார். 418-இல் கூடிய கார்த்தேசுச் சங்கம் பெலாசியுசின் கொள்கையை மறுத்தது. ஆயினும் அருள் முந்துவது என ஒப்பிய பின்னும், மனிதன் உடன்பட்டு ஒத்துழைத்தல் எத்துணை என்ற வினா எஞ்சியது. பதினாறாம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபை பிளவுற்றமைக்கு இவ்வினாவும் ஒரு காரணம். மனிதன் நீதிமானாக எண்ணப்படுவது நம்பிக்கை ஒன்றினாலேயே என்றார் மார்ட்டின் லூதர். அருளால் எழுப்பப்பட்ட மனிதவுள்ளம் அதற்கு இசைந்து ஒத்துழைக்கின்றது என 1547-இல் திரெந்துச் சங்கம் வரையறுத்தது.

திருவரங்கத்தில் எழுந்த வழக்கு இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையார்க்கும், தாய் வாயாற் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையார்க்கும் உவமையாகக் கூறுதல் மரபு. உவமை எளிது, உண்மை அதனினும் நுட்பமானது. வேதாந்த தேசிகர், சரணாகதியை அருளுக்குரிய விலையாகக் கருதினார் அல்லர். அருளுவதற்கு இறைவன் மேற்கொள்ளும் ஒரு வியாஜம், அஃதாவது ஒரு சிறு தலைக்கீடு, என்றே அதனைக் கூறினார். பிள்ளை உலகாசிரியர் ‘ஸ்ரீவசன பூஷணம்’ என்னும் நூலில் அத்தலைக்கீட்டையும் சாதனமாகக் கொள்ளாது, அருள் ஒன்றையே முதலாக வைத்தார். ‘நான் சரணடைந்தேன்’ என்னும் எண்ணமே செருக்காகி நிற்கலாம் என்னும் அச்சம் அவர் மரபினர்க்கு உண்டு. ‘நான் நம்பினேன்’ என்பதையும் ஒரு நற்செயலாக எண்ணிச் செருக்குறலாகாது என லுத்தர மரபினர் எச்சரிப்பதும் இதனை ஒத்ததே.

ஜெர்மானிய அறிஞர் ருடோல்ஃப் ஆட்டோ, இந்தியாவின் அருட்சமயத்தையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு எழுதிய நூல் 1930-இல் வெளிவந்தது. அண்மைக் காலத்தில் ஃபிரான்சிசு குளூனி என்னும் இயேசுசபைத் துறவி, வேதாந்த தேசிகரையும் பிரான்சிசு சலேசியாரையும் ஒருங்கு வைத்து 2008-இல் ஒரு நூல் வெளியிட்டார். நம் ஆற்றங்கரையில் தோன்றிய சிந்தனை உலக அறிஞரை ஈர்த்துள்ளமைக்கு இவை சான்றாகும்.

4. மன்னிப்பு: பொறுத்தலும் ஒப்புரவும்

இன்று மன்னித்தல் என நாம் வழங்குவதைப் பண்டைத் தமிழ் பெரிதும் பொறுத்தல் என்றே கூறிற்று. பொறையுடைமை என்னும் குறளதிகாரம் இதனை விளக்கும். பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல் என்னும் பொருளும் உண்டு. சுமையைத் தாங்குவதும் பிழையைத் தாங்குவதும் தமிழில் ஒரே சொல். வியக்கத்தக்க வகையில், எபிரேய மொழியிலும் நாசா என்னும் வினைச்சொல் தூக்கிச் சுமத்தலையும் குற்றத்தைப் பொறுத்தலையும் குறிக்கும். கிறித்தவ நெறியின் மையக் கருத்தும் இதுவே. மன்னிப்பு என்பது குற்றம் இல்லை எனக் கூறிவிடுதல் அன்று. குற்றத்தின் சுமையை மற்றொருவர் ஏற்றல். அதனை ஏற்றது சிலுவை என்பது கிறித்தவர் கொள்கை. வைணவத்துக்குத் திருமகளை மணந்த இறைவனின் இயல்பான வாத்சல்யமே அடிப்படை. ஈன்ற கன்றின் அழுக்கை நாவால் துடைக்கும் பசுவை அதற்கு உவமை கூறுவர். அக்குற்றத்தை இறைவன் இன்பமாகவே கொள்வான் என்பது தென்கலையார் கருத்து. அதனைக் காணாதவன் போல் விடுப்பான் என்பது வடகலையார் கருத்து. இருவகையாலும் அங்கே பொறுத்தல் இறைவனின் என்றுமுள்ள இயல்பு. கிறித்தவத்திலோ அது வரலாற்றில் ஒருகால் நிகழ்ந்த நிகழ்ச்சியோடு பிணைந்தது. இவ்வேறுபாடு பெரிது. இதனை மறைத்து ஒற்றுமை கூறுதல் ஆராய்ச்சிக்கு ஏற்றதன்று.

இனி, அருள் பெற்றபின் நிகழும் பிழைக்கு வருவோம். தொடக்கத் திருச்சபைக்கு இது பெருஞ்சிக்கல். திருமுழுக்குக்குப்பின் செய்யும் பாவத்துக்கு அஞ்சிப் பலர் அச்சடங்கையே இறுதிவரை ஒத்திவைத்தனர். பேரரசர் கான்சுடண்டைன் 337-இல் இறக்கும் தறுவாயிலேயே திருமுழுக்குப் பெற்றார். 250-இல் தேசியுசு மன்னன் இழைத்த கொடுமைக்கு அஞ்சி நம்பிக்கையை மறுத்தவர் பின்பு திரும்பி வந்தபோது, அவர்களை ஏற்கலாகாது என்றார் நொவாசியன். தவம் செய்வித்து ஏற்கலாம் என்றார் கார்த்தேசு நகரின் சிப்பிரியான். வென்றது சிப்பிரியானின் கொள்கை. திருச்சபை தூயோரின் அரண் மட்டும் அன்று, விழுந்தோர் எழும் இடமும் ஆகும் என்பது அதனால் நிலைபெற்றது.

கத்தோலிக்க மரபு இதற்கெனத் தனி அருட்சாதனத்தைக் கண்டது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்தல் வேண்டும் என 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் விதித்தது. தமிழ் அச்சுநூல் வரலாற்றிலும் இதன் சுவடு உண்டு. 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடுவித்த அண்டிரிக் அடிகளார், 1580-இல் பாவ அறிக்கைக்குத் துணையாகும் கைந்நூல் ஒன்றையும் அச்சிடுவித்தார். போர்த்துக்கீசியச் சொல்லே அதன் பெயராக அமைந்தது. தமிழில் அச்சேறிய முதற்சில நூல்களுள் ஒன்று, மனிதன் தன் நெஞ்சைத் தானே ஆராய்தற்கு எழுந்த நூல் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பிற்காலத்தில் இவ்வறிக்கை பாவசங்கீர்த்தனம் எனப்பட்டது. சங்கீர்த்தனம் என்பது இறைபுகழ் பாடுதல். குற்றத்தைக் கூறுதலும் புகழ் கூறுதலும் ஒரே சொல்லில் இணைந்தன. அகுத்தீனாரின் புகழ்பெற்ற நூலின் இலத்தீன்ப் பெயரும் அவ்விரு பொருளையும் ஒருங்கே உணர்த்துவதாகும். 1973-இல் உரோமையில் வெளியான புதிய சடங்குமுறைக்குப்பின், ஒப்புரவு அருட்சாதனம் என்னும் பெயர் பெருவழக்காயிற்று. ஒப்புரவு குறளின் சொல்; ஒப்புரவறிதல் இருபத்திரண்டாம் அதிகாரம். உலகத்தோடு பொருந்தி, உடையதைப் பிறர்க்குப் பயன்படுத்தி வாழ்தலை அது குறித்தது. பாவம் உறவின் முறிவு எனின், மன்னிப்பு உறவின் ஒப்புரவே. எனவே இப்பெயர் தண்டனையினின்று தப்புதலை மட்டும் அன்றி, அயலாரோடு மீண்டும் பொருந்துதலையும் நினைவூட்டுகிறது.

லுத்தர மரபு வேறொரு வகையில் விடை கண்டது. நம்பிக்கையாளன் ஒரே வேளையில் நீதிமானும் பாவியும் ஆவான் என்றார் லூதர். 1517-இல் அவர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கூற்றுகளுள் முதலாவது, நம்பினவன் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலே என்பதை வலியுறுத்துவது. திருமுழுக்கு ஒருநாட் சடங்காகக் கழிவதன்று. நாள்தோறும் பழைய மனிதன் இறந்து புதியவன் எழுதலே அதன் பொருள் என அவர் விளக்கினார்.

திருவரங்க மரபிலும் இவ்விரு போக்கினையும் காணலாம். சரணடைந்தபின் அறியாது செய்த பிழை அடியானை ஒட்டாது. அறிந்தே செய்ததற்குக் கழுவாய் வேண்டும், அஃது இல்லையேல் இலேசான தண்டனையால் இறைவன் திருத்துவான் என்பது தேசிகர் கொள்கை. சரணாகதி ஒருகாற் செய்வதே. பின்னைப் பிழைகளையும் இறைவன் பொறுப்பன் என்பது தென்கலையார் துணிபு. முன்னையது கழுவாயை வற்புறுத்தும் கத்தோலிக்க நெறியையும், பின்னையது இறைவனின் உறுதிமொழியை வற்புறுத்தும் லுத்தர நெறியையும் நினைவூட்டுகின்றன. ஒப்புமை முழுமையானது என்று கூறுதல் இயலாது. ஆயினும் மனிதவுள்ளம் எழுப்பும் வினா ஒன்றே என்பதில் ஐயமில்லை.

5. அடைக்கலமும் இடைநிற்போரும்

கொள்ளிடக்கரையை அடுத்த ஏலாக்குறிச்சியை வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ பாடினார். 1726-இல் ‘தேம்பாவணி’யை இயற்றினார். ஆங்கு எழுந்தருளும் அன்னை அடைக்கல அன்னை எனப்படுகிறார். அடைக்கலம் என்பது சரணாகதிக்கு நேரான தமிழ்ச்சொல். வைணவத்தில் திருமகளார் அடியானுக்காகப் பரிந்துரைப்பதைப் புருஷகாரம் என்பர். கத்தோலிக்கர் மரியன்னையிடம் பரிந்துரை வேண்டுவர். ஆயின் அருளின் ஊற்று கிறித்துவே என்பதில் அவர்க்கு ஐயமில்லை. பிழைசெய்தவன் தந்தையின் முன் நேரே நிற்க அஞ்சித் தாயின் நிழலில் நிற்க விழைதல் இயற்கை. அவ்வியற்கையை இருமரபும் போற்றின.

வைணவராய்ப் பிறந்து 1858-இல் கிறித்தவம் தழுவிய எச். ஏ. கிருட்டிணபிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் வெளிவந்தது. பனியனின் ஆங்கில நூலைத் தழுவிய அக்காப்பியத்தில், பயணியின் முதுகிலிருந்த பாவச்சுமை சிலுவையின் முன் வீழ்கிறது. கதை அத்துடன் முடிவதில்லை. நெடிய பயணம் அதன்பின்னரும் நீள்கிறது. சுமை வீழ்ந்தபின்னும் வழிதவறல் உண்டு, மீட்சியும் உண்டு. நாம் ஆராயும் வினாவே காப்பிய வடிவம் பெற்றுள்ளது.

6. அருளும் ஒழுக்கமும்

அருள் இலவசம் எனின் ஒழுக்கம் தளருமன்றோ என்னும் ஐயத்துக்குக் கிறித்தவ நெறி தரும் விடை இயேசுபெருமான் கற்பித்த இறைவேண்டலிலேயே உள்ளது. அங்கே மன்னிப்பை வேண்டுவோன், தான் பிறரை மன்னித்தலையும் உடன் கூறுகின்றான். பெருங்கடன் நீக்கப்பெற்ற ஊழியன் ஒருவன், தனக்குச் சிறுகடன் பட்டவனைக் கழுத்தை நெரித்த உவமைக் கதையும் இதனையே உணர்த்தும். மன்னிப்பைப் பிறர்பால் செலுத்தாதவன் அதனைப் பெறவே இல்லை என்பது கருத்து. ஒழுக்கம் அருளுக்கு விலை அன்று. அருள் வந்ததற்கு அடையாளம். அடையாளமற்ற அருளை மலிவான அருள் என 1937-இல் கண்டித்தார் ஜெர்மானியப் போதகர் போன்ஹாஃபர். நாசி ஆட்சியை எதிர்த்து 1945-இல் உயிர் துறந்தவர் அவர்.

இவ்வுண்மை நம் பகுதியிலும் சோதனைக்கு உள்ளாயிற்று. சபைக்குள் சாதிவேறுபாடு ஒழிதல் வேண்டும் என 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் கட்டளையிட்டபோது, தஞ்சை, திருச்சிராப்பள்ளிப் பகுதிச் சபைகளில் பலர் பிரிந்து நின்றனர். சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்து, இறையன்பைப் பாடிய பெரும்புலவர் வேதநாயக சாத்திரியாரும் சாதிவழக்கைக் காத்தே எழுதினார். திருவிருந்தில் ஒரே கிண்ணத்தினின்று பருகுதலும் வழக்கிற்குரிய செய்தியாயிற்று. பாவமன்னிப்பின் அடையாளமாகிய அப்பந்தியில் உடனிருப்பவனை விலக்கினால், அங்கே பெறுவது யாது? அருளைப் பற்றிய கொள்கை எவ்வளவு நுட்பமாயினும், அயலான் அருகே அமரும்போதுதான் அதன் மெய்ம்மை விளங்கும். தனிமனிதன் நெஞ்சறிந்த பிழைக்கே பாவ அறிக்கை என்று எண்ணிவிட்டால், ஒரு சமுதாயம் வழக்கமாகச் செய்யும் பிழை அறிக்கையிடப் பெறாமலே எஞ்சிவிடும்.

மன்னிப்பு நீதியை அகற்றுவதும் அன்று. திரெந்துச் சங்கம் 1551-இல் மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்னும் மூன்றையும் வருந்துவோனின் கடமையாகக் கூறிற்று. கவர்ந்த பொருளைத் திருப்பித் தராமல் மன்னிப்பு மட்டும் வேண்டுதல், ஒப்புரவு என்னும் சொல்லுக்கே முரணாகும்.

7. முடிவுரை

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-இல், ஜெர்மனியின் ஆகுசுபர்க்கு நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும், மனிதன் நீதிமானாவது பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதியால் அன்றி, அருளால் மட்டுமே இறைவன் நம்மை ஏற்கின்றான். அவ்வருளே நற்செயலுக்கு நம்மைத் தூண்டுகின்றது என இருசாராரும் ஒருங்கே அறிக்கையிட்டனர். திருச்சிராப்பள்ளியில் அடுத்தடுத்து வாழும் இருசபைகளின் நானூறாண்டு வழக்கு அவ்வளவில் தணிந்தது. அன்றும் சொல்வேறுபாடுகள் முற்றும் நீங்கவில்லை. அவை இனிப் பிரிவுக்குக் காரணம் ஆகா என்பதே முடிவு.

மேலே கண்டவற்றால் ஒன்று தெளிவாகும். அருள் பெற்றபின் நிகழும் பிழைக்கு மரபுகள் கூறிய விடைகள் இரண்டு அச்சங்களுக்கு இடையே நடந்த நடைகள். ஒன்று, பிழை செய்தவன் நம்பிக்கை இழந்து வீழ்வானோ என்னும் அச்சம். மற்றொன்று, பிழை செய்பவன் துணிவுபெற்றுத் திரிவானோ என்னும் அச்சம். கழுவாயை வற்புறுத்தியவர் பின்னதற்கு அஞ்சினர். உறுதிமொழியை வற்புறுத்தியவர் முன்னதற்கு அஞ்சினர். இரண்டும் மனிதவாழ்வில் உள்ள இடர்களே. ஆதலின் இருசாராரும் ஒருவருக்கொருவர் வேண்டுவோர் ஆவர்.

பொறுத்தல் என்னும் நம் பழஞ்சொல் இவ்விரண்டையும் தன்னுள் அடக்கியுள்ளது. சுமையைத் தாங்குவோன் இருத்தலின் பிழைசெய்தவன் எழலாம். தாங்கப்படுவது சுமையே ஆதலின் பிழையை எளிதாக எண்ணலாகாது. பாவம், அருள், மன்னிப்பு ஆகியவற்றைத் தமிழில் ஆராய்வோர், நூல்களோடு இச்சொற்களையும் சான்றாகக் கொள்வாராக.